நரம்பியல் பொருளியலின் தொடக்க ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பியல் பொருளியல் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒருவர் இரண்டு வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அந்த நேரத்தில் அவருடைய மூளையில் நடப்பதை அளந்து, அந்த அளவைப் பொருளியலின் தெரிவுக் கோட்பாடுகளோடும் உளவியலின் விளக்கங்களோடும் வைத்துப் பார்க்கும் ஆய்வுத் துறைக்கு இந்தப் பெயர் வழங்குகிறது. ஆய்வுக்கு உட்படுவோர் பெரும்பாலும் மனிதர்கள். மின்முனையை நரம்பணுவின் அருகே கொண்டுபோக வேண்டிய ஆய்வுகளில் குரங்குகள். இந்தப் பக்கம் அத்துறை உருவான 1997 முதல் 2006 வரையிலான ஆண்டுகளைப் பற்றியது. வெவ்வேறு பழக்கங்களில் வளர்ந்த மூன்று துறையினர் அப்போது எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள், எங்கே முட்டிக்கொண்டார்கள், அந்த முட்டல்களிலிருந்து என்ன கிடைத்தது என்பதைச் சொல்வதே நோக்கம்.

ஒரே பொருளை ஆராய்ந்த மூன்று துறைகளும் அதுவரை ஏன் விலகி இருந்தன?

பொருளியலின் பக்கம் விலகலுக்குத் தெளிவான காரணம் இருந்தது. மேல்நிலை வகுப்பில் பொருளியல் படித்தவர்களுக்குப் ‘பயன்பாடு’ என்ற சொல் நினைவிருக்கும்: ஒரு பொருளை நுகர்வதால் கிடைக்கும் நிறைவு. அந்த நிறைவை அளக்க முடியுமா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொருளியலாளர்களை விடாமல் தொந்தரவு செய்தது. 1881ஆம் ஆண்டில் பிரான்சிஸ் எட்ஜ்வொர்த், மனிதரின் இன்பத்தை நொடிக்கு நொடி பதிவு செய்யும் கருவி ஒன்றைக் கற்பனையில் அமைத்துக் காட்டினார். ‘இன்பமானி’ என்று நாம் அதை அழைக்கலாம். அப்படி ஒரு கருவி உண்மையில் இல்லாததால், அடுத்து வந்தவர்கள் கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். எவ்வளவு பிடிக்கும் என்பது தேவையில்லை, எது எதைவிட அதிகம் பிடிக்கும் என்ற வரிசை போதும் என்றார்கள். 1938இல் பால் சாமுவேல்சன் இன்னும் ஒரு படி சென்று, மனத்துக்குள் பார்க்கவே வேண்டாம், வாங்கியதையும் வாங்காமல் விட்டதையும் வைத்தே கோட்பாட்டை எழுப்பலாம் என்று காட்டினார். தோல்வியை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடாக இதைப் பார்ப்பது தவறு. அளக்க முடியாத ஒன்றைச் சார்ந்து நிற்காத கோட்பாடு என்பது பொருளியலாளர்களுக்கு உண்மையான பெருமை, அதற்கு அவர்கள் தகுதியானவர்களும்கூட.

உளவியலாளர்கள் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வந்தார்கள். மக்கள் உண்மையில் எப்படித் தவறுகிறார்கள் என்பதுதான் அவர்களுடைய சரக்கு. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, ஆதாயத்தைவிட அதே அளவு இழப்பு மனிதர்களைக் கூடுதலாக உறுத்துகிறது என்பதைப் பொருளியலாளர்களே படிக்கும் ஆய்விதழில் கணக்கோடு நிறுவியது. மூளை ஆய்வாளர்களுக்கோ விருப்பம், வெகுமதி ஆகியவை எலி ஆய்வுகளிலிருந்து வந்த சொற்கள். 1954இல் மாண்ட்ரியால் நகரில் ஓல்ட்ஸும் மில்னரும், மூளையின் சில இடங்களில் சிறு மின்தூண்டல் கிடைப்பதற்காக எலி ஒரு நெம்புகோலைத் திரும்பத் திரும்ப அழுத்துவதைக் கண்டார்கள். அதே நகரில் பின்னாளில் பீட்டர் ஷிஸ்கால் அந்த எலிகளின் தெரிவுகளைக் கொண்டு ‘பயன்பாட்டை மூளை எப்படிக் கணக்கிடுகிறது’ என்று 1990களில் எழுதியபோது, பொருளியலின் பழைய சொல் எதிர்பாராத ஒரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

முதல் சந்திப்புகள் எங்கே நடந்தன?

1997 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையின் ஆதரவுடன் நடந்த மாநாட்டைத்தான் பலரும் முதலில் குறிப்பிடுகிறார்கள். பொருளியலாளர்களான காலின் கேமரரும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் அதில் முன்னின்றார்கள். 2000 டிசம்பர் 8, 9 தேதிகளில் பிரின்ஸ்டனில் ஒரு பயிலரங்கு, 2001 மார்ச்சில் அரிசோனாவில் ஒரு மாநாடு என்று அது தொடர்ந்தது. 2003இல் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் கிரெகரி பெர்ன்ஸ் ஏற்பாடு செய்த சிறு கூட்டத்தில் தனியான சங்கம் வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. 2005இல் நரம்பியல் பொருளியல் சங்கம் அமைந்தபோது, நரம்பியலாளர் பால் கிளிம்ச்சர் அதன் முதல் தலைவரானார்.

இந்தத் தேதிகளைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இன்னொரு செய்தி. 2002ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசை உளவியலாளர் கானமனும், ஆய்வகப் பொருளியலின் முன்னோடி வெர்னன் ஸ்மித்தும் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே இருவர் பெயரும் ஆளுக்கொரு மூளைப்பட ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றிருந்தன. பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவரவர் துறையின் எல்லையை இருவரும் ஏற்கெனவே தாண்டியிருந்தார்கள்.

2001ஆம் ஆண்டின் அந்த இரண்டு ஆய்வுகளில் என்ன செய்தார்கள்?

கானமன் பங்கேற்ற ஆய்வில் ஒவ்வொருவரிடமும் 50 டாலர் கொடுத்து, ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, திரையில் சுழலும் வட்டங்களைக் காட்டினார்கள். நல்ல வட்டத்தில் 10 டாலர், 2.50 டாலர், சுழியம் என்று மூன்று முடிவுகள் இருந்தன. கெட்ட வட்டத்திலோ சுழியம், 1.50 டாலர் இழப்பு, 6 டாலர் இழப்பு. இடைப்பட்ட வட்டம் ஒன்றும் உண்டு. சுழியம் மூன்று வட்டங்களிலும் இருப்பதைக் கவனியுங்கள். நல்ல வட்டத்தில் முள் சுழியத்தில் நின்றால் கைக்கு வந்திருக்க வேண்டியது நழுவியதுபோல் இருக்கும். கெட்ட வட்டத்தில் அதே சுழியம் தப்பித்தோம் என்ற ஆறுதலைத் தரும். பணத்தின் அளவு ஒன்றே, அனுபவம் வேறு. உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவந்த இந்த வேறுபாட்டை, பொருளியலாளர் ஏற்கும் டாலர் கணக்கில், மூளைப்படம் எடுப்பவர் அளக்கக்கூடிய வடிவத்தில் இறக்கிவைத்த கூர்மைக்காகவே அந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

கெவின் மெக்கேபும் ஸ்மித்தும் அரிசோனாவில் சிலரோடு சேர்ந்து செய்த ஆய்வில், ஸ்கேன் கருவிக்குள் இருப்பவர் வெளியிலுள்ள ஒருவரோடு நம்பிக்கை சார்ந்த ஒரு விளையாட்டை ஆடினார். சில சுற்றுகளில் எதிராளி மனிதர். மற்றவற்றில், முன்கூட்டியே தெரிவிக்கப்பட்ட நிகழ்தகவின்படி இயங்கும் கணினி. ஒத்துழைத்து ஆடும் போக்குடையவர்களிடம், எதிராளி மனிதராக இருந்தபோது, நெற்றிக்குப் பின்னே உள்ள மூளைப் பகுதியான முன்நெற்றிப் புறணியின் செயல்பாடு கூடியது. ஒத்துழைக்காதவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை.

அதிகம் பேசப்படும் அல்டிமேட்டம் விளையாட்டு ஆய்வு எது?

விளையாட்டு மிக எளிது. இருவருக்கும் சேர்த்து ஒரு தொகை. ஒருவர் அதைப் பங்கு பிரித்துச் சொல்வார். மற்றவர் சரி என்றால் இருவருக்கும் அவரவர் பங்கு கிடைக்கும், வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு டாலர் கிடைத்தாலும் சுழியத்தைவிட மேல் என்பதால், தன்னலம் மட்டும் பார்ப்பவர் எதையும் ஏற்க வேண்டும். ஜெர்மனியில் வெர்னர் கியூத்தும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் இதை ஆய்வகத்தில் நடத்தி வெளியிட்டதிலிருந்து, மக்கள் அப்படி ஏற்பதில்லை என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்துள்ளது. பங்கு மிகக் குறைவாக இருந்தால், கையில் வருவதை விட்டுக்கொடுத்தாவது எதிராளியின் பங்கையும் இல்லாமல் செய்கிறார்கள்.

பிரின்ஸ்டனில் ஆலன் சான்ஃபி, ஜொனாதன் கோஹன் முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 19 பேர் ஸ்கேன் கருவிக்குள் இருந்தபடி இந்த விளையாட்டில் பதில் சொல்பவராக ஆடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியின் புகைப்படம் திரையில் வரும்; பிறகு 10 டாலரை அவர் எப்படிப் பிரித்தார் என்பது வரும். பத்து மனிதர்கள் முன்வைத்த பங்கீடுகளில் ஐந்து சரிபாதி, மற்றவை 7க்கு 3, 8க்கு 2, 9க்கு 1. அதே பங்கீடுகள் கணினியின் பெயரிலும் வந்தன. ‘உனக்கு ஒன்று, எனக்கு ஒன்பது’ என்று ஒரு முகம் சொன்னபோது, அருவருப்பு, வலி போன்றவற்றோடு தொடர்புடையதாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த முன் இன்சுலா என்ற பகுதி வலுவாகச் செயல்பட்டது. கணினி அதையே சொன்னபோது அந்த வலு குறைந்தது. இன்சுலாவின் செயல்பாடு எவருக்குக் கூடுதலாக இருந்ததோ அவர்களே கூடுதலாக மறுத்தார்கள்.

கூடவே, முன்நெற்றிப் புறணியின் பக்கவாட்டு மேற்பகுதியும் செயல்பட்டது. பணத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிதானமான குறிக்கோளை அப்பகுதி தாங்கி நிற்கிறது, இன்சுலா அதை எதிர்த்து இழுக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள். இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பக்கத்தின் கடைசிக் கேள்வியில் அது திரும்ப வரும்.

ஆய்வு நடத்தும் முறையில் கருத்து வேறுபாடுகள் இருந்தனவா?

இருந்தன, அவை சிறியவையும் இல்லை. ஆய்வகப் பொருளியலில் இரண்டு விதிகள் கண்டிப்பானவை. பங்கேற்பவருக்குத் தெரிவுக்கேற்ப உண்மையான பணம் கொடுக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் அவரிடம் பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் விதிக்குப் பின்னால் நடைமுறைக் கணக்கு ஒன்று இருக்கிறது. ‘எதிரில் இருப்பவர் உண்மையான ஆள்’ என்று சொல்லிவிட்டு ஏமாற்றினால், செய்தி மாணவர் விடுதியில் பரவும். அடுத்த ஆய்வுக்கு வருபவர் எதையும் நம்பாமல் ஆடுவார். அப்போது யாருடைய ஆய்வும் எதையும் அளக்காது. பொய் சொல்பவர் தன் ஆய்வை மட்டும் கெடுப்பதில்லை, எல்லோரும் தண்ணீர் எடுக்கும் கிணற்றைக் கெடுக்கிறார் என்பதே அவர்களுடைய வாதம். உளவியலிலோ, தேவையான அளவுக்கு மறைத்து, ஆய்வு முடிந்ததும் உண்மையை விளக்கிவிடுவது நெடுநாளைய வழக்கம்.

மேலே சொன்ன 2003ஆம் ஆண்டு ஆய்வில் பங்கீடுகளை ஆய்வாளர்களே முன்கூட்டித் தீர்மானித்திருந்தார்கள். ஏன் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. உண்மையான மனிதர்களைப் பிரிக்கச் சொன்னால் பெரும்பாலோர் ஓரளவு நியாயமாகவே பிரிப்பார்கள். 9க்கு 1 அரிதாகத்தான் வரும். ஸ்கேன் கருவியில் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் விலை உயர்ந்தது. இரத்த ஓட்டத்தின் மாற்றத்தை அக்கருவி அளப்பதால், குறிப்பலை உச்சம் தொடவே ஐந்தாறு நொடிகள் ஆகிவிடும். ஒரே வகைச் சுற்றுகள் போதிய எண்ணிக்கையில் கிடைத்தால்தான் சராசரியில் ஏதாவது தெரியும். மூளைப்படக்காரரின் தேவையும் பொருளியலாளரின் விதியும் இங்கே நேருக்கு நேர் மோதின.

இதற்கு ஒரு நல்ல விடை 2005இல் வந்தது. ஹியூஸ்டனில் ரீட் மாண்டேகின் குழுவும் பசடீனாவில் கேமரர் உள்ளிட்டோரும் இரண்டு நகரங்களின் ஸ்கேன் கருவிகளை இணையத்தால் இணைத்து, உண்மையான இரண்டு மனிதர்களை ஒரே நேரத்தில் ஆடவிட்டார்கள். முதலீட்டாளர் தமக்குத் தரப்பட்ட 20 பண அலகுகளில் ஒரு பகுதியை அனுப்புவார், அது மும்மடங்காகும், பெறுபவர் விரும்பியதைத் திருப்பித் தருவார். இப்படிப் பத்துச் சுற்றுகள், 48 இணைகள். பெறுபவரின் மூளையில், அடுத்து நம்பிக்கை காட்டுவதற்கான எண்ணத்தோடு தொடர்புடைய குறிப்பலை, தொடக்கச் சுற்றுகளில் முதலீடு தெரிந்த பிறகே எழுந்தது. சுற்றுகள் போகப் போக, எதிராளி எப்படிப்பட்டவர் என்ற கணிப்பு நிலைபெற்றபின், அது சுமார் 14 நொடிகள் முன்னதாக, முதலீடு தெரியவருவதற்கு முன்பே எழத் தொடங்கியது. ஒருவர் மேல் நம்பிக்கை ஏற்படுவதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க, பொய் சொல்லக் கூடாது என்ற பொருளியலாளரின் பிடிவாதமும் துணைநின்றது என்றே நான் கருதுகிறேன்.

டோபமைன் பற்றிய ஆய்வுகள் இதில் எங்கே வருகின்றன?

அவையே இக்கூட்டுழைப்பின் மிக உறுதியான பகுதி. டோபமைன் என்பது மூளையின் சில நரம்பணுக்கள் வெளியிடும் வேதிப்பொருள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரில் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு நாவில் விழும்போது அந்த அணு சுறுசுறுப்பாகத் துடிக்கிறது. சாறு வருமுன் ஓர் அடையாளம் தோன்றும்படி பழக்கினால், நாளடைவில் துடிப்பு அடையாளத்துக்கு நகர்ந்துவிடுகிறது. சாறு வரும்போது தனியாக எதுவும் இல்லை. அடையாளம் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது. வராத ஒன்றை, அது வரவேண்டிய நேரத்தில், அணு குறித்துவைக்கிறது.

1997இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டேயன், மாண்டேக் மூவரும் இதற்கு ஒரு கணித வடிவம் தந்தார்கள்: கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அந்த அணுக்கள் அறிவிக்கின்றன. இந்த எண்ணத்தின் ஒரு வேர் உளவியலில் இருக்கிறது. எதிர்பார்ப்பு பொய்க்கும் அளவுக்கே கற்றல் நடக்கிறது என்று ரெஸ்கோர்லாவும் வாக்னரும் 1972இலேயே சமன்பாடு எழுதியிருந்தார்கள். இன்னொரு வேர் கணினி அறிவியலில் இருக்கிறது.

பொருளியலின் பங்கு சற்றுத் தாமதமாக வந்தது, ஆனால் அதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கேப்ளினும் மார்க் டீனும் 2008இல், ‘எதிர்பார்ப்பு வேறுபாட்டுக் குறிப்பலை’ என்று எதையாவது அழைக்க வேண்டுமானால் அது எந்த அடிப்படை விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று எழுதினார்கள். அவற்றுள் ஒன்று: முடிவு முன்கூட்டியே முழுதாகத் தெரிந்திருந்தால், பரிசு எதுவாக இருந்தாலும் குறிப்பலை ஒரே அளவில் இருக்க வேண்டும். இது சாமுவேல்சனின் மரபிலிருந்து நேராக வந்த பழக்கம்: ஒரு சொல்லைப் பயன்படுத்துமுன், எந்த அவதானிப்பு அதைப் பொய்யாக்கும் என்று சொல்லிவிடு. விதிகளை மீறும் மூளைப் பகுதியை வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பிறகு கிளிம்ச்சரின் குழுவோடு சேர்ந்து மனித மூளைப்படங்களில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2010இல் வந்த அந்த முடிவில், சில பகுதிகள் தேறின, சில தேறவில்லை.

பொருளியலாளர்கள் எல்லோரும் இதை வரவேற்றார்களா?

இல்லை. மிக வலுவான மறுப்பு பிரின்ஸ்டனின் பொருளியல் துறையிலிருந்தே வந்தது. ஃபாருக் குல், வோல்ஃப்காங் பெசன்டோர்ஃபர் இருவரும் 2005ஆம் ஆண்டிலிருந்தே பலரிடம் சுற்றுக்கு விட்டு, 2008இல் நூல் ஒன்றில் வெளியிட்ட கட்டுரையில், பொருளியல் மாதிரிகள் மூளையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை, ஆகவே மூளைத் தரவு அவற்றை மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ முடியாது என்று வாதிட்டார்கள். கேமரர், லோவன்ஸ்டைன், டிராஸன் பிரெலெக் மூவரும் 2005இல் எழுதிய நீண்ட அறிமுகக் கட்டுரை எதிர்த்திசையில், மூளையை அறிவது பொருளியலின் அடித்தளத்தையே மாற்றக்கூடும் என்றது.

என் கணிப்பில் மறுப்பாளர்கள் பாதி சரி. விலை ஏறினால் தேவை என்னவாகும் என்று கேட்பவருக்கு இன்சுலா தேவையில்லை. ஆனால் ஒரே தெரிவை இரண்டு வேறு காரணங்கள் உண்டாக்கக்கூடிய இடங்களில், தெரிவை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் காரணம் பிரிந்து தெரியாது. ஒருவர் குறைந்த பங்கை ஏற்கிறார்: அநியாயம் அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் பணிகிறாரா?

தொடக்கத்தில் சொன்னவற்றுள் எவை நிலைக்கவில்லை?

உடலில் சுரக்கும் ஆக்சிடாசின் என்ற ஹார்மோனைத் தெளிப்பாக மூக்கில் செலுத்தினால் அந்நியரை நம்பும் போக்கு கூடுகிறது என்ற 2005ஆம் ஆண்டு முடிவு உலகெங்கும் செய்தியானது. பின்னர் செய்த மறு ஆய்வுகளில் அது சீராகக் கிடைக்கவில்லை. உடனே கிடைக்கும் வெகுமதியை மூளையின் ஓர் அமைப்பும் தாமதமானதை வேறொன்றும் மதிப்பிடுகின்றன என்று மெக்லூர், லெய்ப்சன், லோவன்ஸ்டைன், கோஹன் நால்வரும் 2004இல் சொன்னதை, கேபிளும் கிளிம்ச்சரும் 2007இல் மறுத்து, ஒரே மதிப்பீடுதான் ஓடுகிறது என்று காட்டினார்கள்.

பொதுவான பலவீனம் ஒன்றை ரஸ்ஸல் போல்ட்ராக் 2006இல் தெளிவாக எடுத்துவைத்தார். ‘அருவருப்பின்போது இன்சுலா செயல்படுகிறது, இங்கே இன்சுலா செயல்பட்டது, ஆகவே இங்கே இருந்தது அருவருப்பு’ என்ற பின்னோக்கிய ஊகம், இன்சுலா வேறு பல வேளைகளிலும் செயல்படுவதால், நிற்காது. மாதிரி அளவும் சிறியது; 19 பேர் என்பது அன்று இயல்பான எண்ணிக்கை. 2020இல் வெளிவந்த ஒரு பெரிய முயற்சியில், 108 பேர் பந்தயத் தெரிவுகள் செய்த ஒரே மூளைப்படத் தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னபோது, எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. முடிவுகளும் பல கருதுகோள்களில் கணிசமாக வேறுபட்டன. தங்கள் துறையின் வழிமுறையையே இப்படிப் பொதுவெளியில் சோதித்தவர்கள் அத்துறையினரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நியூரோமார்க்கெட்டிங் என்பதும் இதுவும் ஒன்றா?

கருவிகள் ஒன்று, நோக்கம் வேறு. அது விளம்பரத்துக்கும் விற்பனைக்குமான பயன்பாடு. இந்தப் பக்கம் அதைத் தொடவில்லை.

படம் காட்டுவதைத் தாண்டி, காரணத்தைப் பிரித்துக் காட்டிய தொடக்கக் கால ஆய்வு ஏதேனும் உண்டா?

உண்டு, இத்தனை ஆண்டுகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் அதையே படிக்கச் சொல்வேன். ஜூரிக் நகரில் பொருளியலாளர் எர்ன்ஸ்ட் ஃபெர், நரம்பியல் உளவியலாளர் டாரியா நோக் முதலானோர் 2006இல் அல்டிமேட்டம் விளையாட்டையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மூளையைப் படம் பிடிக்கவில்லை. மண்டைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளைக் கொண்டு முன்நெற்றிப் புறணியின் அந்தப் பக்கவாட்டு மேற்பகுதியின் செயல்பாட்டைச் சிறிது நேரத்துக்குத் தணித்தார்கள். சிலருக்கு வலப்புறம், சிலருக்கு இடப்புறம், சிலருக்குச் சுருள் வைத்ததுபோன்ற பாவனை மட்டும். பிறகு 20 ஸ்விஸ் ஃப்ராங்கைப் பிரிக்கும் விளையாட்டு.

2003ஆம் ஆண்டு விளக்கத்தின்படி, பணத்தைச் சேர்க்கும் குறிக்கோள் அப்பகுதியில் இருந்திருந்தால், அதைத் தணித்தபின் மக்கள் கூடுதலாக மறுத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. வலப்புறம் தணிக்கப்பட்டவர்கள் 20இல் 4 ஃப்ராங்க் மட்டும் என்ற பங்கைக்கூட மற்றவர்களைவிட மிகக் கூடுதலாக ஏற்றார்கள். அப்பகுதி தாங்கி நின்றது பண ஆசையை அன்று, பண ஆசையை அடக்கி நியாயத்தின்படி நடக்கும் திறனை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். பங்கீட்டைக் கணினி முன்வைத்தபோது இந்த வேறுபாடு தோன்றவில்லை.

பிறகு அவர்களிடம், கிடைத்த பங்கு எவ்வளவு நியாயமானது என்று மதிப்பிடச் சொன்னார்கள். சுருளால் தணிக்கப்பட்டவர்களும் மற்றவர்களைப் போலவே, அது மிக அநியாயமானது என்றுதான் குறித்தார்கள். குறித்தவர்கள், சற்று முன்பு அந்த 4 ஃப்ராங்கை வாங்கிக்கொண்டவர்கள்.